சிசரோவைப் படிக்க வெர்ரஸ் வழக்கிலிருந்து தொடங்குங்கள்

பண்டைய ரோமின் பேச்சாளரும் வக்கீலுமான சிசரோ பெயரை எடுத்தாலே, ரோம் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கட்டிலினாவுக்கு எதிரான பேச்சுகளைத்தான் எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் வாழ்க்கையில் செய்த ஆகப்பெரிய வேலை அதற்கு 7 வருடம் முன்னால், கி.மு. 70இல், சிசிலித் தீவின் ஆளுநராக இருந்த வெர்ரஸ் மேல் நடத்திய ஊழல் வழக்கு. பேச்சுக்குப் பேர்போன மனிதர் அந்த வழக்கை ஜெயித்ததே, பேச வேண்டிய நீண்ட பேச்சைப் பேசாமல் விட்டதால்தான்.

சிசரோ கி.மு. 106இல் ரோமுக்குத் தென்கிழக்கே அர்பினம் என்ற சிற்றூரில் பிறந்தவர். வசதியான குடும்பம்தான், ஆனால் அவருக்கு முன் அந்த வீட்டிலிருந்து யாரும் ரோமின் ஆட்சி மன்றமான செனட்டின் வாசலை மிதித்ததில்லை. கி.மு. 75இல் சிசிலியின் மேற்குக் கோடியில், லிலிபேயம் துறைமுகத்தில், ஒரு வருடம் நிதி அதிகாரியாக இருந்தார். தானியக் கணக்கும் வரிக் கணக்கும் அத்துப்படியானது அங்கேதான். நாலைந்து வருடம் கழித்து, ஆளுநர் வெர்ரஸ் அடித்த கொள்ளைக்கு நியாயம் கேட்டு சிசிலிக்காரர்கள் சிசரோவிடமே வந்தார்கள்.

வெர்ரஸ் 73 முதல் 71 வரை மூன்று வருடம் அந்தத் தீவை ஆண்டவர். கோதுமையில் அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன். ஆளுநர் தன் வீட்டுத் தேவைக்கு விவசாயியிடம் கோதுமை வாங்கிக்கொள்ள செனட் மோடியஸுக்கு (ஏறக்குறைய 8.7 லிட்டர்) 4 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கொடுத்தது. சந்தையில் விலை 2, மிஞ்சிப்போனால் 3. வெர்ரஸ் என்ன செய்தார்? கோதுமையே வேண்டாம், மோடியஸுக்கு 12 செஸ்டர்ஸ் பணமாகக் கொடு என்றார். காசு கொடுக்க வேண்டியவர் காசு வசூலித்தார். அகிரியம் ஊரில் அவர் வந்த வருடம் 250 பேர் உழுதுகொண்டிருந்தார்கள். மூன்றாம் வருடம் 80 பேர்தான் மிச்சம்.

ஆதாரம் திரட்ட சிசரோ 110 நாள் அவகாசம் கேட்டார். வழக்கைப் பின்னுக்குத் தள்ள எதிர்த்தரப்பு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. கிரேக்கத்தில் இருந்த இன்னொரு ஆளுநர்மேல் வழக்குப் போடுவதாக ஓர் ஆளைக் கிளப்பி 108 நாள் கேட்க வைத்தது, அது முந்திக்கொள்ளட்டும் என்று. அந்த ஆள் இத்தாலியைத் தாண்டவே இல்லை. சிசரோ 50 நாளில் சிசிலி முழுக்கச் சுற்றி முடித்துவிட்டார்.

சிசிலியின் சிராகூஸ் நகரில் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். வரி வசூல் கம்பெனியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் கார்பினாட்டியஸின் மெழுகு பூசிய கணக்குப் பலகைகளைப் புரட்டும்போது 'வெர்ருகியஸ்' என்று ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் முதல் எழுத்துகள் சுத்தமாக இருக்கின்றன, பின்பாதி மட்டும் மெழுகை அழித்து மறுபடி எழுதப்பட்டிருக்கிறது. வெர்ரஸ் தீவுக்கு வருமுன் இந்தப் பெயரில் ஒரு வரவு செலவும் இல்லை, அவர் போன பிறகும் இல்லை. யார் இந்த வெர்ருகியஸ், வியாபாரியா, விவசாயியா என்று கேட்டால் கார்பினாட்டியஸிடம் பதில் இல்லை. வெர்ரஸ் பெயரைத்தான் இப்படி மாற்றி மறைத்திருக்கிறார்கள். பலகைகளை ரோமுக்கு எடுத்துப்போகச் சட்டம் இடம் தராது. எனவே அழித்த இடங்களையும் அப்படியே காட்டி நகல் எடுக்க வைத்தார் சிசரோ. வெறும் எழுத்தை மட்டும் நகலெடுத்திருந்தால் அந்த ஆதாரம் செத்துப்போயிருக்கும்!

அடுத்தது வாய்தா. வெர்ரஸின் வக்கீல் ஹார்டென்சியஸ், அன்றைய ரோமின் முதல் பேச்சாளர், அடுத்த வருடத்துக்கான கான்சலாக (ரோமின் உச்சப் பதவி) தேர்வாகிவிட்டார். அடுத்த வருடம் இதே நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கப் போகிறவரும் வெர்ரஸுக்கு வேண்டிய மெட்டெல்லஸ். வழக்கை ஜனவரிக்கு இழுத்துவிட்டால் போதும். விசாரணை தொடங்கியது ஆகஸ்ட் 5. பத்து நாளில் தளபதி பாம்பே நடத்தும் விளையாட்டு விழா, அது 15 நாள், அதை ஒட்டியே ரோமானிய விழா. வழக்கப்படி இரு தரப்பும் நாள்கணக்கில் பேசி, பிறகுதான் சாட்சி. சிசரோ முதலில் பேசிவிட்டால் ஹார்டென்சியஸ் 40 நாள் கழித்து ஆற அமரப் பதில் சொல்வார். அதற்குள் கேட்டதெல்லாம் நடுவர்களுக்கு மறந்திருக்கும்.

சிசரோ சின்னதாக ஒரு பேச்சோடு நிறுத்திக்கொண்டார். குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் நேராகச் சாட்சிகளை நிறுத்தினார். பதில் சொல்ல எதிரே பேச்சே இல்லாததால் ஹார்டென்சியஸ் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. ஒன்பது நாளில் சாட்சி விசாரணை முடிந்தது. வெர்ரஸ் மசிலியாவுக்கு, இன்றைய மார்செய்க்கு, ஓடிப்போனார். மிச்சமிருந்த ஐந்து பேச்சுகளை நீதிமன்றத்தில் பேசாமலே சிசரோ எழுதி வெளியிட்டார். இப்போது நாம் படிப்பது பெரும்பாலும் அவற்றைத்தான்.

கட்டிலினா விவகாரத்தில் இந்தப் பொறுமையைக் காணோம். கி.மு. 63 டிசம்பர் 5 அன்று, கான்சலாக இருந்த அவரே, விசாரணை இல்லாமல் கட்டிலினாவின் கூட்டாளிகள் ஐந்து பேரைக் கொல்ல உத்தரவிட்டார். செனட் ஆதரித்தது உண்மைதான். ஆனாலும் 58இல் நாடுகடத்தலில் கொண்டுபோய் விட்டது அந்தத் தீர்மானம்தான்.

அவரைப் புனிதராக்கவும் எனக்கு மனம் வரவில்லை. வெர்ரஸ் வழக்கு முடிந்து ஓரிரு வருடத்துக்குள் 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டின் ஒரு பகுதியை ஆண்ட ஃபொண்டெயஸ் மேல் இதே மாதிரிப் புகார் வந்தது. அவருக்கு வக்கீல் சிசரோ. சாட்சி சொல்ல வந்த 'கால்' நாட்டவரை, காட்டுமிராண்டிகள் பேச்சை நம்புவதா என்று தள்ளினார். சிசிலிக்காரன் சொன்னால் சாட்சி, 'கால்' நாட்டுக்காரன் சொன்னால் சாட்சி இல்லை! இதை மன்னிக்க எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வெர்ரஸ் பேச்சுகளைப் படிக்காமல் இருக்கவும் முடியாது. எழுதி வெளியிட்ட அந்த ஐந்து பேச்சுகளில் கோதுமை பற்றிய மூன்றாவது சற்று வறட்சியானது. சிலைத் திருட்டு பற்றிய நான்காவதை முதலில் எடுங்கள்.