பார்ப்பதற்கு மட்டுமா மன்றம்?

அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன், கணினி விளையாட்டு, திரைப்படம் ஆகியவற்றில் ஆர்வமுள்ள மாணவர்கள் தனிமையைப் போக்கிக்கொள்ளப் பல்கலைக்கழக மன்றங்களில் சேரலாம் என்று ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் கூறியிருப்பது சரியே என்றாலும், அது பாதிக் கதை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜப்பானில் இத்தகைய மன்றங்கள் கூடிப் பார்க்கும் இடங்களாக மட்டும் இருந்ததில்லை.

1981ஆம் ஆண்டு ஒசாகாவில் நடைபெற்ற தேசிய அறிவியல் புனைகதை மாநாட்டுக்கான தொடக்க அனிமேஷன் படத்தை உருவாக்கிய அன்னோ ஹிதேயாகி, யமாகா ஹிரோயுகி, அகாய் தகாமி ஆகிய மூவரும் அப்போது ஒசாகா கலைப் பல்கலைக்கழக மாணவர்கள். அனிமேஷன் வரையப் பயன்படும் முறையான செல்லுலாய்டு தாள்களுக்குச் செலவிட வசதியின்றி மலிவான பிளாஸ்டிக் தாள்களில் வரைந்து, 8 மில்லிமீட்டர் கேமராவில் பிடித்த அந்தச் சில நிமிடப் படமே, 1984இல் கைனாக்ஸ் என்ற அனிமே தயாரிப்பு நிறுவனம் உருவாவதற்கான வழியைத் திறந்தது.

எனக்கு ஓவியம் வராதே, நான் சேர்ந்து என்ன செய்வது என்று தயங்குபவர்கள் அந்தக் கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அம்மாநாட்டை முன்னின்று நடத்திய ஒகாடா தோஷியோவும் தகேதா யசுஹிரோவும் வேறு பல்கலைக்கழகங்களின் மன்றங்களில் வளர்ந்தவர்கள். அவர்களது பலம் தூரிகையில் அல்ல, ஆட்களைத் திரட்டுவதிலும் கூட்டம் நடத்துவதிலும் இருந்தது. (நாற்காலி போடுபவரை எந்த வரலாறும் எளிதில் நினைவில் வைப்பதில்லை என்பது வேறு விஷயம்.)

ஆகவே, புதிதாகச் சேரவிருக்கும் மாணவர் முதல் கூட்டத்தில், இங்கே என்னென்ன திரையிடுவீர்கள் என்பதோடு, இந்த ஆண்டு நாம் எதை உருவாக்கப் போகிறோம் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.