அந்த மைக்ரோவேவ் மீமுக்குச் சிரித்தவர்களுக்கு

வேற்றுக்கிரகவாசிகளின் ரேடியோ சிக்னலைத் தேடும் துறையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தீர்கள். மறுபடி விளக்கப் போவதில்லை. அந்த மீமுக்கு எத்தனை 'ஹாஹா' விழுந்தது என்றுகூடத் தெரியும். உட்கார்ந்து எண்ணினேன்.

"17 வருஷமா சமையலறை மைக்ரோவேவை ஏலியன்னு நினைச்சவனுங்க." இதுதானே மீம்? அப்படி யாரும் நினைக்கவில்லை ஐயா. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது பதிவான அந்த ரேடியோ துடிப்புகள், அதன் 13 கற்றைகளிலும் (ஒவ்வொன்றும் வானத்தின் வெவ்வேறு இடத்தைப் பார்ப்பது) ஒரே நேரத்தில் தெரிந்தன. வானத்தில் ஒரு புள்ளியிலிருந்து வருவது அப்படித் தெரியாது. ஆகவே, பக்கத்தில் எங்கோதான் கோளாறு என்று புரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் பிடிபடவில்லை. 2015-இல் பிடித்தார்கள். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடி முடிவதற்குள் யாரோ பொறுமையில்லாமல் கதவைத் திறக்கிறார்கள், அந்த நொடியில் அலை தப்பிக்கிறது. கண்டுபிடித்தது வெளியாள் இல்லை. அந்தத் தொலைநோக்கியில் வேலை செய்தவர்களே தங்கள் அடுப்பைக் காட்டிக்கொடுத்துக் கட்டுரையும் வெளியிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். இந்தத் துறை முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான். 1960-இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன்பேங்க் தொலைநோக்கியில் முதல் தேடலைத் தொடங்கியபோதே பலமான சிக்னல் ஒன்று வந்தது. துள்ளிக் குதித்திருக்கலாம். சோதித்தார், பூமியுடையதுதான் என்று தெரிந்தது. 2019-இல் சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரி பக்கமிருந்து ஒரு சிக்னல் வந்ததே, அதையும் 2021-இல் "நம்ம ஊர் இரைச்சல்தான்" என்று தேடியவர்களே சொல்லிவிட்டார்கள். "இவங்களுக்கும் குறி சொல்றவங்களுக்கும் என்ன வித்தியாசம்" என்று கேட்ட அன்பரே, எந்தக் குறிகாரர் என்றைக்கு வந்து "நேற்று சொன்னது தப்பு, அது எங்க வீட்டு மிக்ஸி சத்தம்" என்றிருக்கிறார்?

அப்புறம், "ஜனங்க பசியில இருக்கும்போது வரிப்பணத்தை இதுல கொட்டறாங்களே" என்ற அந்தக் கண்ணீர். நாசாவின் தேடல் 1992 அக்டோபரில் தொடங்கியது, அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் இழுத்து மூடியது. அதன்பின் பெரும்பாலும் தனியார் நன்கொடையில்தான் ஓடுகிறது. உங்கள் பாக்கெட்டிலிருந்து பத்து பைசா போகவில்லை. பசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஐபிஎல் ஏலத்தன்று எங்கே போனீர்கள் என்று கேட்கலாம். கேட்கவில்லை.

"அறுபது வருஷமா ஒண்ணும் கிடைக்கலையே?" கடலில் ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு பார்த்துவிட்டு மீனே இல்லை என்பீர்களா? இந்த உவமை என்னுடையது இல்லை, வானியலாளர் ஜில் டார்ட்டருடையது. வாழ்நாளையே இதற்குக் கொடுத்தவர். சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த 3ஐ அட்லஸ் வால்மீனை விண்கலமோ என்று கிளப்பிவிட்ட ஹார்வர்டு பேராசிரியர் மீது எனக்கும் எரிச்சல்தான். அவரை வைத்து மற்ற எல்லோரையும் அடிப்பது என்ன நியாயம்?

இவ்வளவு ஏன் வலிக்கிறது என்று இன்பாக்ஸில் ஒருவர் கேட்டார். 2001-இல் எங்கள் வீட்டுக் கணினியில் செட்டி அட் ஹோம் (SETI@home) என்ற மென்பொருள் ஓடியது. அரெசிபோ தொலைநோக்கி பதிவுசெய்த தரவைத் துண்டு துண்டாக அனுப்புவார்கள், நாம் தூங்கும்போது கணினி அதை அலசும். உலகம் முழுக்க 50 லட்சம் பேருக்கு மேல் ஓட்டினார்கள். திரையில் கலர் கலராகக் கோபுரம் எழும்பும். கரண்ட் பில்லைப் பார்த்து அம்மா திட்டுவார். 2020 மார்ச்சில் அதை நிறுத்தியபோது சொல்லி அழ அப்பாவும் இல்லை.

மீம் போட்டவனே, மச்சான், பெயரைச் சொல்ல மாட்டேன். செமஸ்டர் லீவில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, ராத்திரி இரண்டு மணிக்கு "டேய், இது பெருசா இருக்குடா" என்று என்னை உலுக்கி எழுப்பியது யார்? காலையில் அப்பா பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "என்னடா, யாராவது பேசினாங்களா?" என்று கேட்டார். "இன்னும் இல்லப்பா, வந்துடும்" என்று பதில் சொன்னது நான் இல்லை.