பாயில் உட்கார்ந்திருந்த 41 பிள்ளைகள்

நம் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிக்குக் கேடயம் கிடைத்ததற்காகச் சனிக்கிழமை நடந்த பாராட்டு விழாவில் என்ன பேசினார்கள் என்று நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியூரில் இருப்பவர்களும் வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்துவிட்டீர்கள். பெரியவர்கள் யாராவது ஒரு வார்த்தை பதில் சொல்வார்கள் என்று பொறுத்துப் பார்த்தேன். குழுவில் கட்டைவிரலும் கைதட்டலும் வரிசையாக விழுகிறதே தவிர, ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

"பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கூடத்துக்குக் கேடயம் குடுத்து என்னங்க பண்றது, பீரோவுல வெச்சுப் பூட்டறதுக்கா?" மைக்கில் சொன்னது இதுதான். சொன்னவர் எனக்கு மாமா முறை. கோயில் காரியம், நல்லது கெட்டது எதுவானாலும் முதல் ஆளாக நிற்பவர். அவர் அதைச் சொல்லும்போது அவருக்கு நேர் எதிரே, பாயில், 41 பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

நன்றியுரை சொல்ல வேண்டிய ஐந்தாம் வகுப்புப் பெண் கையில் நாலாக மடித்த தாளோடு மேடைப் படி ஓரம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருக்கிறாள். அந்தத் தாளில் அவருடைய பெயரும் இருந்தது. மாமா பேசி முடித்து உட்கார்ந்ததும் இவள் ஏறினாள். ஒரு பெயரையும் விடாமல், அவர் பெயரைச் சொல்லி, அவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, "வருகை தந்து சிறப்பித்தமைக்கு நன்றி" என்றாள். வீடியோ எடுத்தவர்கள் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் இது உங்களுக்கு வந்து சேரவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடம் காலியானதற்குப் பள்ளிக்கூடம் காரணம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது நாம். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

நம்பாதவர்கள் காலையில் ஏழரை மணிக்குப் பிள்ளையார் கோயில் முக்கில் வந்து நின்று பாருங்கள். பல்லடத்திலிருந்து ஒரு வேன், திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு வேன், இன்னும் எங்கெங்கிருந்தோ வேன்கள் வந்து நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. தூக்கம் கலையாத மூன்றரை வயதுக் குழந்தைகூட அதில் போகிறது. போகட்டும். அவரவர் பிள்ளை, அவரவர் காசு. என் அண்ணன் பிள்ளைகளே அப்படித்தான் போகிறார்கள், அண்ணி எனக்கு விரோதியா? தனியார் பள்ளியில் சேர்த்தவர்களை நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, அப்புறம் மேடையேறி "இங்கே பிள்ளைகளே இல்லை" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

அடுத்து, இந்தக் கேடயம் எதற்குக் கிடைத்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

மேல்நிலைப் பள்ளி என்றால் கணக்கு சுலபம். பிளஸ் டூவில் எத்தனை மார்க், நீட்டில் எத்தனை பேர் என்று பிளக்ஸ் அடித்துவிடலாம். நம் கொங்குச் சீமைக்கு அந்தப் பிளக்ஸ் பழக்கம் ஊறிப்போய்விட்டது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று விடுதிப் பள்ளிகளைப் பார்த்துப் பார்த்து, மார்க் இல்லாத சாதனை நம் கண்ணுக்குச் சாதனையாகவே தெரிவதில்லை. தொடக்கப் பள்ளியில் எதைப் பிளக்ஸ் அடிப்பது? ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்தது என்றா? கடன் வாங்கிக் கழித்தல் போட்டது என்றா?

ஆமாம், அதைத்தான் அடிக்க வேண்டும். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் தறிக்குடோனுக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒடிசாக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அப்பா நூல்மில், அம்மா கோழிப்பண்ணை. அவர்கள் மகள் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தபோது தமிழில் ஒரு சொல் தெரியாது. தண்ணீர் வேண்டும் என்றால் கையைக் குவித்து வாயில் வைத்துக் காட்டுவாள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிலைக்குத் தக்கபடி சொல்லித் தருகிறார்கள். இவள் அரும்பில் உட்கார்ந்தாள். டீச்சர் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் இவளை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். போன தைக்கு என் மகளோடு விளையாட வீட்டுக்கு வந்தவள், சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டர் முன்னால் நின்று, விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். ராகு காலம், எமகண்டம், "சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம்." அடுப்படியில் இருந்த எனக்குக் கை ஓடவில்லை. சூலம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. அதற்கு என்ன, வாசித்துவிட்டாள்.

இதற்குத்தான் கேடயம். இதற்குக் கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பது?

"ரெண்டே டீச்சர், அஞ்சு கிளாசு, எல்லாத்தையும் ஒரே ரூம்ல போட்டு அடைச்சு வெச்சிருக்காங்க" என்று ஒருவர் குழுவில் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான், இதற்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள்தான். 61 ஆனால்தான் மூன்றாவது ஆசிரியர். நமக்கு 41. பிள்ளைகள் குறைவு என்பதால் ஆசிரியர் குறைவு. ஆசிரியர் குறைவு என்று சொல்லி இன்னும் இரண்டு பிள்ளைகளை வேனில் ஏற்றுகிறோம். அந்த இரண்டு பேரும் போன பிறகு, "பாத்தீங்களா, பள்ளிக்கூடமே காலி" என்கிறோம். இப்படியே போனால் எங்கே போய் முடியும் என்பதையும் பார்த்தாயிற்று. ஒரு பிள்ளைகூட இல்லாமல் போன அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்றுவது என்று 2019இல் அரசு முடிவெடுத்தது, ஞாபகம் இருக்கிறதா? நம் ஊரிலும் அப்படிப் பூட்டிய கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

"இங்கிலீஷ் வராது" என்கிறார்கள். என் மகள் நாலாம் வகுப்பு அங்கேதான் படிக்கிறாள். வருகிறது. அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"அவங்களுக்கென்ன, மாசமானா கை நிறையச் சம்பளம்" என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. சம்பளம் வாங்குகிறார்கள், சரி. அந்தச் சம்பளத்துக்குப் பாடம் மட்டுமா நடத்துகிறார்கள்? பிள்ளைகள் விவரத்தை எமிஸ் இணையதளத்தில் ஏற்றுவது அவர்கள், வாக்காளர் பட்டியல் வேலைக்கு வீடு வீடாக நடப்பதும் அவர்கள். தறிக்குடோன் வாசலில் நின்று, "இன்னைக்கு ஏன் பையன் வரலைங்க" என்று கேட்பதும் அவர்கள்தான். ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போன குடும்பம் திரும்பி வரவில்லை என்றால், போனைப் போட்டு, டிசி வாங்காமல் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சுவதையும் கேட்டிருக்கிறேன். கழிப்பறைக்குக் குழாய் இழுத்தது எச்.எம். டீச்சர் கைக்காசு. அது எந்த மேடையிலும் சொல்லப்படவில்லை, சொல்லவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். இன்றைக்கு நான் எழுதியதற்குக் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. சனிக்கிழமை அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நீ பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கே, அப்படித்தான் பேசுவே" என்பவர்களுக்கு: ஆமாம், இருக்கிறேன். அந்தக் குழுவில் பெற்றோர்தான் அதிகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். யார் வேண்டுமானாலும் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வாருங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

இந்தப் பள்ளிக்கூடம் நமக்கு அரசாங்கம் மட்டும் கொடுத்தது என்று நினைக்கிறீர்கள். 1958இலிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடந்தது. காமராஜர் முதல்வர், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர், கல்வி அமைச்சர் நம் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர் சி. சுப்பிரமணியம். ஊர் மக்களே பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று கொடுத்தார்கள். நம் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்துக்குச் செங்கல் வந்தது என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வண்டியில்தான் என்று அமுச்சி சொல்லும். அப்புச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு வைக்கிற மனிதர், மாட்டை ஓட்டிக்கொண்டு போய்ச் சூளையில் நின்று செங்கல் ஏற்றி வந்திருக்கிறார். அந்தக் கட்டடத்தில்தான் என் அம்மா படித்தது, நான் படித்தது, மைக்கில் பேசிய மாமா படித்தது. மாமாவுக்குக் கணக்கு அங்கேதான் வந்தது. அந்தக் கணக்கை வைத்துத்தான் இன்றைக்கு அத்தனை தறி ஓட்டுகிறார்.

"அதெல்லாம் அந்தக் காலம், மயில்சாமி அண்ணாதுரை படிச்ச காலம் வேற" என்பீர்கள். கோதவாடியில் பிறந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துச் சந்திரயான்-1 திட்ட இயக்குநரானவரைப் பற்றி மேடைக்கு மேடை பெருமை பேசுவோம். பிள்ளையை அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் விடச் சொன்னால் மட்டும் காலம் மாறிவிடும். சரி, இந்தக் காலத்துக் கதையே சொல்கிறேன். காரமடை ஒன்றியத்தில் இராமம்பாளையம் தொடக்கப் பள்ளி. ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து காசு போட்டு வகுப்பறையை மாற்றினார்கள், பத்திரிகை எல்லாம் வந்து எழுதியது, பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நம் ஊரிலிருந்து ரொம்ப தூரமில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசலாமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 25இலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு. அதற்கு முன்னால் நம் பிள்ளைகள் எதைத் தின்றுவிட்டு வந்தார்கள்? அம்மா ராத்திரி ஷிப்ட் முடித்து அப்போதுதான் கண் அசந்திருப்பாள். பிள்ளை கடையில் டீயும் வர்க்கியும் வாங்கித் தின்றுவிட்டு வரும், இல்லையென்றால் வெறும் வயிறு. பத்தரை மணிக்குத் தலை சுற்றி விழுந்த பையனை எச்.எம். டீச்சர் மடியில் போட்டுக்கொண்டது எனக்குத் தெரியும். இப்போது சுய உதவிக் குழுப் பெண்கள் ஏழு மணிக்கு முன்னாலேயே அடுப்புப் பற்ற வைத்துவிடுகிறார்கள். "சோத்துக்குத்தான் அங்க அனுப்பறாங்க" என்று ஒரு பின்னூட்டம் பார்த்தேன். சோறு போட்டுப் படிக்க வைத்தால் அதில் என்ன அசிங்கம்? நம் நோம்பியில் அன்னதானம் போட்டுவிட்டுப் பெயர்ப் பலகை வைக்கிறோம், அதில் புண்ணியம் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் பொங்கல் வைத்தால் கேலியா?

இப்போது நான் உண்மையாகவே கோபப்படுகிற இடத்துக்கு வருகிறேன். இதில் அரசுக்கும் பங்கு உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் 2022இல். அதையே பையன்களுக்குத் தரும் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்டில் நம் கோவையிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. எல்லாம் நல்ல திட்டம், மறுபேச்சு இல்லை. ஆனால் எல்லாமே ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும் என்று கணக்கு வைத்திருக்கிறது. போன மாதம் கல்யாண வீட்டில் ஒரு ஒறம்பரை என்னிடம் அதையே சொன்னார்: "அஞ்சாவது வரைக்கும் மெட்ரிக்ல படிக்கட்டும் அம்மிணி, ஆறாவதுல கவர்மெண்ட்ல மாத்திக்கலாம், ஆயிரம் ரூபாயும் வரும், மெடிக்கல் சீட்டுக்கும் ஆச்சு." அவரைக் குறை சொல்ல முடியுமா? விதி அப்படி இருந்தால் ஜனங்கள் அப்படித்தான் நடப்பார்கள். அப்போது ஒன்றிலிருந்து ஐந்து வரை சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடம் எந்தக் கணக்கில் வருகிறது? எழுத்தறிவித்தவரை விட்டுவிட்டு ஆறாம் வகுப்பிலிருந்து எண்ணுவது என்ன முறை?

"ஒன்னாவதுல இருந்தே படிச்சிருக்கணும்னு மாத்துனா, வசதியில்லாம ஆறாவதுல வந்து சேர்ற பிள்ளைக பாதிக்கப்படுமே" என்று ஒரு தம்பி நேற்றுக் கேட்டான். சரியான கேள்வி. அவர்களுக்கு இருப்பதில் கைவைக்க வேண்டாம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கூடுதலாக ஏதாவது கொடுக்கட்டும், உதவித்தொகையில் கொஞ்சம் சேர்த்துப் போடட்டும். வழி கண்டுபிடிப்பது அரசாங்கத்தில் இருப்பவர்கள் வேலை, கேட்பது நம் வேலை.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். கூடவே சுற்றுச்சுவர் இடிந்த பக்கத்தையும் சேர்த்திருக்கிறேன். வேனில் பிள்ளையை அனுப்புகிறவர்களும் கையெழுத்துப் போடலாம், ஊர்ப் பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொதுதான். மாமா வந்தாலும் பேனா தருகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். தறி ஓடும்போது வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளே கேட்காது, போன் அடித்துவிட்டு வாங்க.