சேற்றை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் காப்பாற்ற முடியாது

பீட் சதுப்புகளின் நீரை வடிப்பது பற்றிய நேற்றைய உரையாடலைக் கேட்டவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பீட் என்பது நீர் தேங்கிய இடத்தில் முழுதாக மக்காத செடிகொடிகள் படிந்து உருவாகும் கரிய மண். "உள்ளே இருக்கும் பழம்பொருளை எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தால் போதுமே, அந்தச் சேற்றுக்காக ஏன் அழ வேண்டும்?" என்று பேசியவர்களில் ஒருவர் கேட்டார். அதற்கு அத்தனை கைதட்டல். எனக்கு மனசே ஆறவில்லை.

பீட் சதுப்பில் பழம்பொருளைக் காப்பாற்றுவதே அந்தச் சேறுதான். நீர் தேங்கிக் காற்று புகாமல் இருப்பதால்தான் மரமும் தோலும் மக்காமல் கிடக்கின்றன. நீரை வடித்துவிட்டால் மண்வெட்டி படாமலே எல்லாம் அழியும். இங்கிலாந்தில் ஸ்டார் கார் என்ற பழங்கால வாழ்விடத்தில் 1949 முதல் 1951 வரை தொல்லியலாளர் கிரஹாம் கிளார்க் அகழ்ந்தபோது, சுமார் 11,000 ஆண்டு பழைய எலும்புகளும் மான் கொம்புகளும் நல்ல நிலையில் கிடைத்தன. இந்த நூற்றாண்டில் மறுபடி அகழ்ந்தபோது எலும்புகள் ஜெல்லி மாதிரி குழைந்திருந்தன. வடிகாலால் நீர்மட்டம் இறங்கி, காற்று புகுந்து, பீட்டில் இருந்த கந்தகம் அமிலமாகியிருந்தது. யாரும் எதையும் திருடவில்லை. நீர் போனது, அவ்வளவுதான்.

சரி, எடுத்து வைத்தால் மட்டும்? டென்மார்க்கின் சில்கேபோர் அருங்காட்சியகத்தில் டொலுண்ட் மனிதனை, அதாவது சதுப்பில் கிடைத்த ஒரு பழங்கால மனிதனின் உடலை, பார்த்திருக்கிறேன். 1950இல் கிடைத்தபோது அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துப் போலீசுக்குச் சொன்னார்கள். தாடையில் முளைத்த மயிர்கூடத் தெரிகிறது. ஆனால் அன்று தலையை மட்டுமே முழுதாகப் பதப்படுத்தினார்கள். கீழே இருக்கும் உடல் பின்னர் உருவாக்கியது. சுமார் 2,400 ஆண்டு சதுப்பு வைத்திருந்த உடலை வெளியே எடுத்த நம்மால் வைத்திருக்க முடியவில்லை. உடன் வந்த உறவினர், "பிணத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றார். நேற்றைய கைதட்டலில் அதே குரல்தான் கேட்டது.

பீட் வெட்டிப் பிழைப்பவர்களுக்கு எதிராகப் பேசுகிறேன் என்பார்கள். இல்லை. இங்கிலாந்தின் சாமர்செட்டில் 1970இல், சதுப்பைக் கடக்கப் போட்ட ஸ்வீட் டிராக் என்ற பழைய மரப்பாதையைக் கண்டதே ரே ஸ்வீட் என்ற பீட் தொழிலாளிதான். மர வளையங்களை வைத்து அதன் காலம் கி.மு. 3807-3806 என்று கணித்தார்கள். அதன் ஒரு பகுதிக்கு நீர் பாய்ச்சி, இடத்திலேயே ஈரமாக வைத்துக் காக்கிறார்கள். ஆக, வழி இருக்கிறது. மனிதன் கையால் வெட்டினால் கண்ணில் படும். இயந்திரம் பார்த்துக்கொண்டா போகும்? அதனால்தான் முதலில் ஆய்வு, அப்புறம் வடிகால் என்கிறேன். வடிகால் ஓரங்களை நடந்து பார்க்கட்டும், துளையிட்டு ஆழம் அளக்கட்டும். வடித்த சதுப்பில் மறுபடி நீரைத் தேக்கி மீட்க அணை கட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். நல்ல நோக்கத்தோடு தோண்டினாலும் குழி குழிதான்.

செலவாகுமாம். ஆகட்டும்.

"இன்னும் எத்தனை பிணம் வேண்டும்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குப் பிணம் வேண்டாம். ஒரு மீட்டர் பீட் சேர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஆகிறது. எந்தக் காட்டை அழித்தார்கள், எப்போது பயிர் வைத்தார்கள் என்பதெல்லாம் அடுக்கடுக்காக மகரந்தமாக அதில் கிடக்கிறது. அதை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறீர்கள்?