உரிமையாளரின் நாட்டைப் பார்ப்பதா, செயலைப் பார்ப்பதா?

வெளிநாட்டுச் செயலிகளை உரிமையாளரின் நாட்டைப் பார்த்தே தடுக்கும் அமெரிக்க வழியைச் சிங்கப்பூரும் பின்பற்ற வேண்டும் என்று அண்மையில் ஒரு கட்டுரையாளர் வைத்த வாதம் இங்கே பொருந்தாது. டிக்டாக்கின் தாய் நிறுவனம் சீனாவைச் சேர்ந்தது என்றால், ஃபேஸ்புக்கும் யூடியூபும் எக்ஸும் அமெரிக்க நிறுவனங்களுக்கு உரியவை. அந்த அளவுகோலை நேர்மையாகக் கையாண்டால் நம் கைப்பேசியில் மிஞ்சுவது சொற்பமே.

2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வெளிநாட்டுத் தலையீட்டு எதிர்நடவடிக்கைச் சட்டம் நிறுவனத்தின் பிறப்பிடத்தை விட்டுவிட்டு, மறைமுகமாக நடக்கும் தலையீட்டையே குறிவைக்கிறது. சீனாவிலிருந்து வெளியேறிய தொழிலதிபர் குவோ வெங்குயியின் வலையமைப்புடன் தொடர்புடைய 95 கணக்குகளைச் சிங்கப்பூர்ப் பயனாளர்கள் பார்க்க முடியாதபடி தடுக்குமாறு 2024 ஜூலையில் உள்துறை அமைச்சு உத்தரவிட்டபோது, அது டிக்டாக்குக்கு மட்டுமன்றி அமெரிக்கத் தளங்களுக்கும் சேர்த்தே சென்றது.

முழுத் தடையின் விலையை நம்மவர்கள் நன்கு அறிவார்கள். சிங்கப்பூரின் தேக்காவில் சேலைக் கடை வைத்திருப்பவர் டிக்டாக் நேரலையில் புது வரவுகளை விரித்துக் காட்டினால், 2020 ஜூன் முதல் அச்செயலி தடைசெய்யப்பட்டுள்ள இந்தியாவில், திருச்சியில் இருக்கும் உறவினரால் அதைக் காண இயலாது. (இந்தியாவில் பலர் இன்ஸ்டகிராமுக்கு மாறிக்கொண்டார்கள் என்பது வேறு கதை.)

எனினும் நம் சட்டத்தில் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. அமைச்சரின் உத்தரவை எதிர்த்துச் செய்யும் முறையீட்டை விசாரிப்பது வழக்கமான நீதிமன்றம் அன்று, தனி மறுஆய்வு மன்றம். அதற்கு உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமை தாங்கினாலும், இரகசியம் கெடாத அளவுக்காவது அதன் தீர்ப்புகளின் காரணங்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்பட வேண்டும்.