14416-ஐ அழைத்தால் பள்ளிக்குத் தகவல் போகுமா?

"பிள்ளை வளர்ப்பு டென்ஷன் என்று 14416-க்குப் போன் செய்யாதீர்கள். மனநோயாளி பட்டியலில் பெயர் ஏறும், பள்ளிக்கும் ஆபீசுக்கும் தகவல் போகும்." பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு எச்சரிக்கை சுற்றுகிறது. தவறான தகவல்.

14416 என்பது டெலி மானஸ், இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் இயங்குகிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு, ராத்திரி பதினோரு மணிக்குக்கூட அழைக்கலாம். மொழியைத் தேர்ந்தெடுத்ததும் பயிற்சி பெற்ற ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். பரீட்சை நேரத்தில் மகனிடம் கத்திவிட்டு அழுகை வருகிறது என்பதையும் தாராளமாகச் சொல்லலாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள்.

சரி, ரகசியம்? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23 அதை நோயாளியின் உரிமை என்கிறது. விதிவிலக்குகள் உண்டு: உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, கோர்ட் உத்தரவு போன்றவை. மகனிடம் கத்தியது அதில் வராது.

"இன்சூரன்ஸ் கிடைக்காது" என்றும் அதே ஃபார்வர்டில் ஒரு வால். உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 21. இதை எழுதியவர் சட்டத்தைப் புரட்டியே பார்க்கவில்லை போலும்.