ஆல்கஹால் என்ற சொல் பேயிலிருந்து வந்ததா?

‘ஆல்கஹால் என்ற ஆங்கிலச் சொல், உடலைத் தின்னும் பேயைக் குறிக்கும் அல்-கூல் என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்தது’ என்று ஒரு செய்தி வலம்வருகிறது. தவறு.

மூலச்சொல் அல்-குஹ்ல், அதாவது கண்ணுக்குத் தீட்டும் மை. அஞ்சனக்கல்லை மாவுபோல அரைத்தெடுத்த பொடி அது. ஐரோப்பியர் முதலில் எந்த நுண்பொடியையும் அப்படித்தான் அழைத்தார்கள். பிறகு வடித்தெடுத்த சாரத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் மருத்துவர் பாராசெல்சஸ் திராட்சை மதுவின் சாரத்தை ‘ஆல்கஹால் வினி’ என்றார். நாளடைவில் ‘வினி’ உதிர்ந்துபோனது.

இன்றைய அரபியில் ஆல்கஹால் ‘குஹூல்’. பேயைக் குறிக்கும் ‘கூல்’ வேறோர் எழுத்தில், தொண்டையில் உரசும் ஒலியோடு தொடங்குகிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ககரத்தில் தொடங்குவதாகத் தெரியும், அவ்வளவுதான். குடியை எதிர்ப்பவர்களுக்கு உண்மையான காரணங்களே ஏராளம். இந்தக் கதை தேவையில்லை.

அந்தப் பேய் ஆங்கிலத்துக்குப் போனது வேறு வழியில்: பிணந்தின்னிப் பேயைக் குறிக்கும் ‘கூல்’ என்ற சொல்லாகவும், அல்கோல் என்ற விண்மீனின் பெயராகவும்.